தாலூத்தும் சவுலும்: ஒரே அரசர், இரண்டு விசாரணைகள்

கேள்வி இதுதான்: குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் தாலூத் என்ற அரசரும், யூத வேதத்தில் சாமுவேலின் புத்தகம் சொல்லும் சவுலும் ஒருவர்தானா? ஒருவர் என்றால், படைவீரர்களை ஆற்று நீரைக் கொண்டு சோதித்த நிகழ்ச்சி யூத வேதத்தில் சவுலிடம் இல்லாமல் அவருக்கு முன் வாழ்ந்த படைத்தலைவர் கிதியோனிடம் இருப்பது ஏன்? யாருடைய கதையை யார் மாற்றினார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒருவர்தான். மோசேக்குப் பின் வந்த காலம், அரசன் வேண்டும் என்று தீர்க்கதரிசியிடம் கேட்ட பெரியவர்கள், எதிர்பாராத ஒருவர் அரசராவது, சிலர் முகம் சுளிப்பது, இஸ்ரவேலரின் புனிதப் பேழையான உடன்படிக்கைப் பெட்டி திரும்பி வருவது, தாவீது கோலியாத்தை வீழ்த்துவது என எல்லா அடையாளங்களும் பொருந்துகின்றன. குர்ஆனில் கோலியாத்தின் பெயர் ஜாலூத்; தாவீதின் பெயர் தாவூத். அந்தத் தீர்க்கதரிசியின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் சாமுவேல் என்கிறார்கள்.

இரண்டாம் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டும். இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பலமுறை வாசித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. சாமுவேலின் புத்தகம் அரசனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. குர்ஆன், அரசன் வேண்டும் என்று கேட்ட மக்களை ஏற்றுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் வேற்றுமைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்கும். பிடிக்காமல் வாசித்தால், இங்கே ஒன்று விடுபட்டது, அங்கே ஒன்று கூடிற்று என்று கணக்குப் பார்ப்பதோடு வாசிப்பு முடிந்துவிடும்.

அரசனைக் கேட்ட காட்சியிலிருந்து தொடங்குகிறேன். சாமுவேல் முதுமை அடைந்துவிட்டார். அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்துகொண்டு லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டுகிறார்கள். மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஓர் அரசனை ஏற்படுத்தும் என்கிறார்கள். சாமுவேலுக்கு மனம் கசக்கிறது. இறைவனோ, அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, நான் அவர்களை ஆளாதபடி என்னைத்தான் தள்ளினார்கள் என்கிறார். ஆக, அரசன் என்ற பதவியே ஒரு நிராகரிப்பிலிருந்து பிறக்கிறது.

அடுத்து வருவது சாமுவேலின் எச்சரிக்கை. உலகின் பழைய அரசியல் பேச்சுகளில் இதற்கு ஈடு சொல்லக் கூடியவை மிகச் சில. உங்கள் மகன்களை எடுத்து ரதத்துக்கு முன் ஓட வைப்பான். உங்கள் மகள்களை எடுத்து வாசனைத் தைலம் செய்யவும் சமைக்கவும் ரொட்டி சுடவும் வைப்பான். உங்கள் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஒலிவத் தோப்புகளிலும் நல்லதை எடுத்துத் தன் ஊழியர்களுக்குக் கொடுப்பான். தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒரு பங்கு வாங்குவான். கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள். எபிரேயத்தில் "எடுப்பான்" என்ற வினை சம்மட்டி அடிபோல் திரும்பத் திரும்ப விழுகிறது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாவீதின் கதையில் இது மறுபடி வரும்.

குர்ஆனில் இதே காட்சி (2:246) வேறு மாதிரி நடக்கிறது. இஸ்ரவேலரின் தலைவர்கள் தங்கள் நபியிடம் வந்து, எங்களுக்கு ஓர் அரசரை நியமியுங்கள், நாங்கள் இறைவழியில் போரிடுகிறோம் என்கிறார்கள். நபி அரசரைப் பற்றி எச்சரிக்கவே இல்லை. கேட்டவர்களைப் பார்த்துத்தான் எச்சரிக்கிறார். போர் உங்கள் மேல் விதிக்கப்பட்டால் போரிடாமல் இருந்துவிடுவீர்களோ? எங்கள் வீடுகளை விட்டும் பிள்ளைகளை விட்டும் துரத்தப்பட்டிருக்கிறோம், எப்படிப் போரிடாமல் இருப்போம் என்று அவர்கள் பொங்குகிறார்கள். அந்த வசனம் முடிவதற்குள்ளேயே செய்தி வந்துவிடுகிறது: போர் விதிக்கப்பட்டபோது, சிலரைத் தவிர எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள்.

இங்கே அரசன் கேட்பது பாவம் இல்லை. ஆட்சி என்பது இறைவன் தான் நாடியவருக்குக் கொடுப்பது என்பது குர்ஆனின் நிலை. கேட்டவர்கள் சொன்ன சொல்லில் நிற்பார்களா என்பதே இங்கே எழும் ஐயம்.

ஒரே காட்சி இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம், அதை முதலில் கேட்ட காதுகள். சாமுவேலின் புத்தகம் தனியாக நிற்பதில்லை. அரசர்களின் நீண்ட வரலாற்றில் அது ஒரு பகுதி. அந்த வரலாறு கி.மு. 586இல் எருசலேம் இடிந்து, ஆலயம் எரிந்து, அரசன் கண் பிடுங்கப்பட்டுப் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்படுவதில் போய் முடிகிறது. அந்த முடிவை அறிந்தவர்களின் கை இந்தப் பக்கங்களில் பட்டிருக்கிறது. எங்கே தவறு நடந்தது என்று திரும்பிப் பார்ப்பவர்களுக்கு முதல் அரசனின் முதல் நாளே சந்தேகத்துக்குரியதுதான். யூத வேதத்தின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமத்தின் 17ஆம் அதிகாரமும் அரசனுக்குக் கடிவாளம் போடுகிறது: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது, வேதத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதி வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும்.

தாலூத் வரும் அல்பகரா என்ற இரண்டாம் அத்தியாயமோ மதீனாவில் அருளப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மக்காவிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த முஹாஜிர்கள் இருந்தார்கள். வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டோம் என்ற சொற்றொடர் அவர்கள் காதில் பழங்கதையாக விழுந்திருக்காது. போரிட முதன்முதலில் அனுமதி தந்த வசனங்கள் என்று மரபு சொல்வது 22ஆம் அத்தியாயத்தின் 39, 40ஆம் வசனங்களை. அங்கேயும் அநியாயமாகத் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் என்ற பேச்சு வருகிறது. மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை இறைவன் தடுக்காவிட்டால் என்ற வாக்கியம் அந்த 40ஆம் வசனத்திலும் வருகிறது, தாலூத் வரலாற்றை முடிக்கும் 2:251ஆம் வசனத்திலும் அதே சொற்களில் வருகிறது. இரண்டு இடங்களும் ஒரே இழையில் தைக்கப்பட்டவை. எனவே தாலூத்தின் கதை மதீனத்து மக்களுக்கு முன் வைக்கப்பட்ட கண்ணாடி. அரசன் கெட்டுப்போவானா என்பது அவர்களுடைய அவசரக் கேள்வி இல்லை. நாளைக் காலை அழைப்பு வந்தால் யார் எழுந்து வருவார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி.

இனி ஆள் தேர்வு. சாமுவேலின் புத்தகத்தில் சவுல் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் புறப்பட்ட இளைஞர். தேடி அலுத்து, வேலைக்காரனிடம் இருந்த கால் சேக்கல் வெள்ளியைக் காணிக்கையாக வைத்துக்கொண்டு தீர்க்கதரிசியிடம் கழுதையைப் பற்றிக் கேட்கப் போகிறார். அரசராக அபிஷேகம் பெற்றுத் திரும்புகிறார். நான் கோத்திரங்களில் சிறியதான பென்யமீன் கோத்திரத்தான் அல்லவா என்று கூசுகிறார். மிஸ்பாவில் எல்லோர் முன்னும் சீட்டுப் போட்டு அவர் பெயர் விழுந்தபோது ஆளைக் காணவில்லை. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறார். இழுத்து வந்து நிறுத்தினால் மற்ற எல்லோரும் அவர் தோளுக்குக் கீழே. அப்போதும் சிலர், இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான் என்று இகழ்ந்து, காணிக்கை கொண்டுவராமல் போய்விடுகிறார்கள். சவுல் காது கேளாதவர்போல் இருந்துவிட்டார் என்கிறது நூல். பின்னர் கீலேயாத்தின் யாபேஸ் ஊரை அம்மோனியரிடமிருந்து மீட்ட அன்று, அந்த இகழ்ந்தவர்களைக் கொண்டுவாருங்கள், கொன்றுபோடுவோம் என்று மக்கள் கூச்சலிட்டார்கள். இன்று ஒருவரும் கொல்லப்படக் கூடாது என்று தடுத்தவர் சவுல்தான். சவுலைக் கோபக்காரராகவும் பொறாமைக்காரராகவும் மட்டும் அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

குர்ஆன் கழுதைகளையும் மூட்டைகளையும் சொல்வதில்லை. இகழ்ந்தவர்களின் வாயைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. எங்கள் மேல் இவருக்கு எப்படி ஆட்சி வரும்? இவரைவிட எங்களுக்கல்லவா உரிமை அதிகம்? இவருக்குச் செல்வ வளமும் கொடுக்கப்படவில்லையே! நபியின் பதில்: இறைவன் உங்களைவிட அவரைத் தேர்ந்தெடுத்தான், அறிவிலும் உடலிலும் அவருக்கு அதிகமாக அளித்திருக்கிறான். அறிவு முதலில், உடல் அடுத்தது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாமுவேலின் புத்தகத்தில் சவுலின் உயரம் பேசப்படுகிறது, அறிவு பேசப்படுவதில்லை. அதே புத்தகம் பின்னர், தாவீதின் தந்தை ஈசாயின் மூத்த மகன் எலியாபின் முகத்தையும் உயரத்தையும் பார்த்துச் சாமுவேல் மயங்கும்போது, மனிதன் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறான், இறைவன் உள்ளத்தைப் பார்க்கிறார் என்று உயரத்தையே தள்ளிவைக்கிறது. சவுலின் உயரத்துக்கு அங்கே ஒரு கசப்பு ஒட்டிக்கொள்கிறது. குர்ஆனில் அது கொடை.

பெயர்களும் இதையே சொல்கின்றன. எபிரேயத்தில் ஷாவூல் என்றால் "கேட்கப்பட்டவர்". மக்கள் கேட்டு வாங்கிய அரசருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அரபியில் தாலூத் என்ற பெயரை நீளம், உயரம் என்ற பொருள் தரும் சொல்லோடு விரிவுரையாளர்கள் இணைத்துப் பார்த்தார்கள்.

செல்வம் இல்லாதவர் என்ற குறையைப் பிடித்துக்கொண்டு விரிவுரையாளர்கள் தாலூத்துக்கு ஒரு தொழிலும் கொடுத்தார்கள். தண்ணீர் சுமப்பவர் என்றார்கள் சிலர். தோல் பதனிடுபவர் என்றார்கள் வேறு சிலர். ஆட்சி யூதாவின் குலத்துக்கும் தீர்க்கதரிசனம் லேவியின் குலத்துக்கும் உரியவை, இவரோ இரண்டிலும் சேராத பென்யமீன் குலத்தவர் என்பதும் அவர்கள் தரும் விளக்கம். தண்ணீர் சுமந்தவர் பின்னர் தண்ணீரைக் கொண்டே படையைச் சோதித்தார் என்று சேர்த்துப் பார்க்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. மக்காவில் நபிகள் நாயகத்தைப் பார்த்தும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது: இந்தக் குர்ஆன் இரண்டு ஊர்களிலும் உள்ள ஒரு பெரிய மனிதர் மேல் இறக்கப்பட்டிருக்கக் கூடாதா? (43:31) அந்தச் சூட்டை அறிந்தவர்களுக்குத் தாலூத்தின் எதிரிகள் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது பெட்டி. யூத வேதத்தில் உடன்படிக்கைப் பெட்டி போரில் பெலிஸ்தரிடம் பறிபோகிறது. ஏழு மாதம் அவர்கள் நாட்டில் இருக்கிறது. எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அந்த ஊரை நோய் பிடிக்கிறது. கடைசியில் அதைத் திருப்பி அனுப்ப ஒரு வழி செய்கிறார்கள். புது வண்டி, நுகம் பூட்டியே பழகாத, கன்று ஈன்ற இரண்டு பசுக்கள், கன்றுகளைப் பிரித்துத் தொழுவத்தில் அடைத்துவிடுகிறார்கள். பால் கட்டிய பசு கன்றிருக்கும் திசைக்கல்லவா திரும்பும்? இந்தப் பசுக்களோ வலமும் இடமும் சாயாமல், கத்திக்கொண்டே பெத்ஷிமேசுக்குப் போகும் பாதையில் நேராக நடந்தன. அங்கே பள்ளத்தாக்கில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கத்தலை எழுதி வைத்தவர் யாராக இருந்தாலும் மாடு வளர்த்தவர் என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் இதெல்லாம் சவுல் அரசராவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அவருடைய அரசாட்சிக்கும் பெட்டி திரும்பியதற்கும் அங்கே தொடர்பு இல்லை. குர்ஆனில் பெட்டிதான் சான்று: அவருடைய ஆட்சிக்கு அடையாளம், தாபூத் என்ற அந்தப் பெட்டி உங்களிடம் வரும், அதில் உங்கள் இறைவனிடமிருந்து ஸகீனத் இருக்கும், மூஸாவின் (மோசேயின்) குடும்பத்தாரும் ஹாரூனின் (ஆரோனின்) குடும்பத்தாரும் விட்டுச் சென்றவற்றில் மீதம் இருக்கும், வானவர்கள் அதைச் சுமந்து வருவார்கள். பசுக்கள் இழுத்த வண்டியும் விரிவுரை நூல்களுக்குத் தெரியும். வண்டியைப் பசுக்கள் இழுத்தன, வானவர்கள் அவற்றை ஓட்டி வந்தார்கள் என்று இரண்டையும் இணைத்துச் சொல்லும் செய்திகள் அவற்றில் உண்டு. ஸகீனத் என்ற அரபுச் சொல்லுக்கு அமைதி, மன நிலைபேறு என்று பொருள். யூத மரபில் இறைவனின் உடனிருப்பைக் குறிக்கும் ஷெகினா என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்று: தங்குதல், குடியிருத்தல். குர்ஆனில் இந்தச் சொல் 6 இடங்களில் வருகிறது. மற்ற ஐந்தும் நபிகள் நாயகம் மேலோ அவரோடு இருந்தவர்கள் மேலோ நெருக்கடியில் இறங்கிய அமைதியைப் பற்றியவை. பெட்டியில் வந்தது மதீனத்து மக்களுக்கு அந்நியமானது இல்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். யூத வேதத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில், 7ஆம் அதிகாரத்தில், கிதியோன் மீதியானியருக்கு எதிராக 32,000 பேரோடு ஆரோத் என்ற நீரூற்றின் அருகில் பாளயமிறங்குகிறார். ஆள் அதிகம், என் கையே என்னைக் காப்பாற்றியது என்று இஸ்ரவேல் பெருமை பேசும் என்கிறார் இறைவன். பயந்து நடுங்குகிறவன் திரும்பிப் போகட்டும் என்று அறிவித்ததும் 22,000 பேர் போய்விடுகிறார்கள். நடுக்கம் என்ற எபிரேயச் சொல்லும் ஆரோத் என்ற ஊற்றின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. மீதி 10,000 பேரைத் தண்ணீரண்டை கொண்டுபோகச் சொல்கிறார். கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோய் நக்கிக் குடித்தவர்கள் 300 பேர். மற்றவர்கள் முழங்கால் மடக்கிக் குனிந்து குடித்தார்கள். 300 பேர் மட்டும் போதும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

குர்ஆனில் (2:249) தாலூத் படையோடு புறப்பட்டதும், இறைவன் உங்களை ஓர் ஆற்றைக் கொண்டு சோதிப்பான் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். அதிலிருந்து குடிப்பவர் என்னைச் சேர்ந்தவர் இல்லை. அதைச் சுவைக்காதவர் என்னைச் சேர்ந்தவர். கையால் ஒரு மிடறு அள்ளிக்கொண்டவர் தவிர. சிலரைத் தவிர எல்லோரும் குடித்துவிட்டார்கள்.

அந்தக் கையளவு நீரைப் பாருங்கள். இரண்டு நூல்களிலும் தேறியவனின் அடையாளம் கை. ஒற்றுமை இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் வேற்றுமையும் பேசுகிறது. கிதியோனின் வீரர்களுக்கு இது சோதனை என்றே தெரியாது. தாகத்துக்குக் குடித்தார்கள், குடித்த விதத்தைக் கொண்டு இறைவன் பிரித்தான். முழங்காலிட்டவன் மேல் நூல் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. படை சிறுத்தால்தான் வெற்றி யாருடையது என்று விளங்கும் என்பதே அங்கே நோக்கம். தாலூத்தின் வீரர்களுக்கு விதி தெரியும். தெரிந்தே குடித்தார்கள். அதனால் அங்கே எண்ணிக்கை குறைந்தது தற்செயல் இல்லை; ஒவ்வொருவரும் தானே தன்னைக் கழித்துக்கொண்டார். போரிடாமல் இருந்துவிடுவீர்களோ என்று நபி முதலில் கேட்டாரே, அந்தக் கேள்விக்கான விடை ஆற்றங்கரையில் ஆளாளுக்கு வெளிவருகிறது.

19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் இதை இரண்டு கதைகளைக் குழப்பிக்கொண்ட பிழை என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். மறுபுறம், யூத வேதத்தில் இடம் மாறிப்போனதைக் குர்ஆன் சரிசெய்தது என்று சொல்லும் முஸ்லிம் அறிஞர்கள் உண்டு. இரண்டாவது நம்பிக்கை சார்ந்த முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். முதலாவதை நான் ஏற்கவில்லை. குழப்பிக்கொண்டவர் கதையை மங்கலாகச் சொல்வார். இங்கே சோதனை, கதையின் முதல் வாக்கியத்தில் போட்ட முடிச்சை அவிழ்க்கும் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

அதோடு, சவுலின் கதைக்குள்ளேயே வாயைக் கட்டும் சோதனை ஒன்று இருக்கிறது; பலர் கவனிப்பதில்லை. பெலிஸ்தரோடு போர் நடந்த ஒரு நாளில், மாலை வரைக்கும் உணவு உண்பவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் படையிடம் ஆணையிட்டார். காட்டில் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை. ஆணையைக் கேட்டிராத அவருடைய மகன் யோனத்தான் கோலின் நுனியைத் தேன்கூட்டில் குத்தி எடுத்து வாயில் வைத்தார். அவர் கண்கள் தெளிந்தன. விஷயம் தெரிந்ததும் மகனையே கொல்லச் சவுல் துணிய, மக்கள் குறுக்கே நின்று காப்பாற்றினார்கள். குடிக்காதே, உண்ணாதே என்ற கட்டளை இரண்டு நூல்களிலும் இந்த அரசரின் வாயிலிருந்து வருகிறது. ஒன்றில் அது மக்களை அளக்கும் கோல். மற்றதில் அது அரசரின் அவசர புத்தியை அளக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீதியானியரை வென்ற பின் மக்கள் கிதியோனிடம், நீரும் உம் மகனும் எங்களை ஆளும் என்றார்கள். நானும் ஆள மாட்டேன், என் மகனும் ஆள மாட்டான், கர்த்தரே ஆளுவார் என்று அவர் மறுத்தார். நீர்ச் சோதனையை யூத வேதம் அரியணையை மறுத்தவரிடம் வைத்தது. குர்ஆன் அதே சோதனையை அரியணையை ஏற்றவரிடம் வைத்தது. அரசாட்சியைப் பற்றி இரண்டு நூல்களும் கொண்ட மனநிலை இந்த ஓர் இடத்தில் முழுதாகத் தெரிகிறது. நிலவியலும் வியப்பைத் தரும். ஆரோத் ஊற்று என்று மரபாக அடையாளம் காட்டப்படும் இடம் கில்போவா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சவுல் தன் கடைசிப் போரில் விழுந்தது அந்தக் கில்போவா மலையில்தான்.

ஆற்றைக் கடந்த பின்பும் சிலர், ஜாலூத்தையும் அவன் படையையும் எதிர்க்க இன்று நமக்குச் சக்தி இல்லை என்று தளர்ந்தார்கள். இறைவனைச் சந்திப்போம் என்று உறுதியாக இருந்தவர்கள் சொன்னது: எத்தனையோ சிறு கூட்டங்கள் இறைவனின் அனுமதியோடு பெருங்கூட்டங்களை வென்றிருக்கின்றன! கி.பி. 624இல் மக்கத்துப் படையை எதிர்த்து பத்ர் களத்தில் நின்ற முஸ்லிம்களின் எண்ணிக்கை, தாலூத்தோடு ஆற்றைக் கடந்தவர்களின் எண்ணிக்கையே, அதாவது 310க்குச் சற்று மேல், என்று தோழர்கள் பேசிக்கொண்டதாக பராஉ இப்னு ஆஸிப் அறிவிக்கும் செய்தி புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கிதியோனின் 300ஐ நினைக்காமல் இதை வாசிக்க முடியவில்லை.

ஜாலூத்தைத் தாவூத் கொன்றார் என்று குர்ஆன் ஓரிரு சொற்களில் முடித்துவிடுகிறது. கவணும் இல்லை, ஐந்து கூழாங்கற்களும் இல்லை. அரக்கனின் உயரமும் இல்லை. (அந்த உயரத்தில் யூத வேதத்தின் பிரதிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. மரபுவழி எபிரேயப் பாடம் ஆறு முழமும் ஒரு சாணும் என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் சாக்கடல் சுருள் ஒன்றும் நான்கு முழமும் ஒரு சாணும் என்கின்றன.)

சவுலின் வீழ்ச்சியில்தான் இரண்டு நூல்களும் மிகத் தூரம் விலகுகின்றன. சாமுவேல் வருமுன் பலி செலுத்தியது, அமலேக்கியரின் அரசன் ஆகாகை உயிரோடு விட்டது, கிழிந்த மேலங்கி, தாவீதின் மேல் எறிந்த ஈட்டி, எந்தோரில் குறி சொல்பவளைத் தேடிப் போன இரவு, கடைசியில் தன் வாளின் மேலேயே விழுந்த முடிவு என்று யூத வேதம் அரசரைப் படிப்படியாகக் கீழே இறக்கிக் காட்டுகிறது. குர்ஆனில் இதில் ஒன்றும் இல்லை. தாலூத் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவே காட்சியிலிருந்து நகர்கிறார். மக்களை விசாரிக்கும் கதைக்கு அரசரின் சரிவு தேவைப்படவில்லை.

ஆனால் பின்வந்த மரபுகள் இரண்டும் தத்தம் வேதம் விட்ட இடத்தை நிரப்ப எதிரெதிர்த் திசைகளில் நடந்தன. தபரி போன்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் தாலூத் தாவூத்தின் மேல் பொறாமை கொண்டதையும், பின் வருந்தித் திருந்திப் போரில் உயிர் விட்டதையும் பதிவு செய்தார்கள். யூத ரபிமார்களோ சவுலுக்காகப் பரிந்து பேசினார்கள். அரசரானபோது சவுலுக்கு ஒரு வயது என்று எபிரேய மூலத்தில் புரியாத வாக்கியம் ஒன்று உண்டு. பாவத்தின் சுவை அறியாத ஒரு வயதுக் குழந்தை போல இருந்தார் என்று ரபிமார்களின் பேச்சுகளைத் தொகுத்த தல்மூத் அதற்குப் பொருள் சொல்கிறது. சவுல் ஒரு தவறு செய்தார், அது அவர்மேல் எண்ணப்பட்டது. தாவீது இரண்டு செய்தார், எண்ணப்படவில்லை என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தின் வலி யூத மரபுக்குள்ளிருந்தே எழுந்தது.

தாவீதின் தவறு என்றதும் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தாவீது உரியாவின் மனைவி பத்சேபாளை ஆள் அனுப்பி "எடுத்துக்கொள்கிறார்". உரியாவைப் போர்முனையில் சாகவிடுகிறார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு வழக்குச் சொல்கிறார். பணக்காரனுக்கு ஆடு மாடு ஏராளம். ஏழைக்கு ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டி. அவன் தட்டில் தின்று, அவன் மடியில் படுத்து, மகளைப் போல வளர்ந்தது. விருந்தாளி வந்தபோது பணக்காரன் அந்தக் குட்டியை எடுத்துச் சமைத்துவிட்டான். அவன் சாகத்தக்கவன் என்று தாவீது கொதிக்கிறார். நாத்தான் சொன்னது எபிரேயத்தில் இரண்டே சொற்கள்: அத்தா ஹாயிஷ். நீரே அந்த மனிதர். அரசன் எடுப்பான், எடுப்பான் என்று சாமுவேல் எச்சரித்த அதே வினைச்சொல் இங்கே பத்சேபாளுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் வருகிறது. எச்சரிக்கை பலித்துவிட்டது.

குர்ஆனின் ஸாத் அத்தியாயத்தில் (38:21-26) தாவூத் நபி தன் தொழுகை அறையில் இருக்கும்போது இரண்டு வழக்காளிகள் சுவர் ஏறிக் குதித்து வருகிறார்கள். அவர் திடுக்கிடுகிறார். அஞ்சாதீர்கள் என்று சொல்லி ஒருவர் முறையிடுகிறார்: இவர் என் சகோதரர். இவருக்கு 99 பெண்ணாடுகள், எனக்கு ஒன்று. அதையும் என் பொறுப்பில் விடு என்று கேட்டுப் பேச்சில் என்னை மடக்கிவிட்டார். தாவூத் நபியின் தீர்ப்பு: உன் ஆட்டைத் தன் ஆடுகளோடு சேர்க்கக் கேட்டதன் மூலம் அவர் உனக்கு அநீதி செய்துவிட்டார். சொல்லி முடித்ததும், தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டு, பணிந்து விழுகிறார்.

இங்கே ஆடு பறிக்கப்படவில்லை, கொல்லப்படவில்லை. கேட்கத்தான் பட்டது. 99 வைத்திருப்பவன் ஒன்று வைத்திருப்பவனிடம் கேட்டதே அநீதி என்கிறது தீர்ப்பு. வலியவன் கேட்கும்போது எளியவனால் இல்லை என்று சொல்ல முடியுமா? நாத்தானின் கதையில் குற்றம் எடுத்ததில் இருக்கிறது. இங்கே அது ஒரு படி முன்னாலேயே, கேட்ட வாயிலேயே தொடங்கிவிடுகிறது. அரசர்களை அதிகம் விசாரிக்காத நூல் என்று குர்ஆனைப் பற்றி மேலே நான் சொன்னதை இந்த ஐந்தாறு வசனங்கள் திருத்துகின்றன. பூமியில் உம்மைப் பிரதிநிதியாக ஆக்கினோம், மக்களிடையே நீதியோடு தீர்ப்பளியும், மன இச்சையைப் பின்பற்றாதீர் என்ற ஆணை இவற்றின் கடைசி வசனத்தில் வருகிறது.

பத்சேபாளின் பெயரோ உரியாவின் பெயரோ குர்ஆனில் இல்லை. நபிமார்கள் பெரும்பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்ற கொள்கையால் முஸ்லிம் அறிஞர்களில் பலர் அந்தக் கதையை ஏற்க மறுத்தார்கள். மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதே தாவூத் நபியின் பிழை என்று சிலர் விளக்கினார்கள். யூத மரபிலும் இதே பரிவு உண்டு. தாவீது பாவம் செய்தார் என்பவர் தவறு செய்கிறார் என்று தல்மூதில் ஒரு ரபி சொல்கிறார். தாவீதின் வீரர்கள் போருக்குப் போகும்போது மனைவிக்கு விலக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டே போவார்கள், ஆகவே பத்சேபாள் பிறன் மனைவி இல்லை என்பது அங்கே வரும் வாதம். வேதம் வெளிப்படையாகச் சொன்னதையே தாங்க முடியாமல் தாவீதின் மேல் அன்பு கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

அவர் விழுந்து மன்னிப்புக் கேட்ட அந்த நொடி மட்டும் இரண்டு மரபுகளின் வழிபாட்டிலும் தங்கிவிட்டது. யூத வேதத்தின் துதிப்பாடல்களில் ஒன்றான 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு, நாத்தான் தாவீதிடம் வந்த வேளையில் பாடியது என்று அதைக் குறிக்கிறது. ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும் என்ற அதன் வரியைச் சொல்லித்தான் யூதர்கள் தங்கள் நின்ற நிலைத் தொழுகையை இன்றும் தொடங்குகிறார்கள். ஸாத் அத்தியாயத்தை ஓதும்போது தாவூத் பணிந்து விழுந்தார் என்ற இடத்தில் நபிகள் நாயகம் ஸஜ்தா செய்ததைத் தாம் பார்த்ததாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். ஓதுகிறவர்களில் பலர் அந்த வசனம் வந்ததும் இன்றும் நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள்.